மிஷ்காவின் கம்பளி அங்கி

1851, அக்டோபர் 17. இன்று வெரோன் ஒரு சிறு தவறு செய்தாள். மிஷ்காவின் கம்பளி அங்கியைக் காலையில் வாசலில் மாட்ட மறந்துவிட்டாள். தவறுதானா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த ஹங்கேரியச் சமவெளியில் பெண் கேட்க வருபவன் தன் அங்கியைப் பெண் வீட்டில் விட்டுப்போவான். விடிந்ததும் அது வாசலில் தொங்கினால் சம்மதமில்லை. உள்ளேயே இருந்தால் கல்யாணம். பணக்காரர்களின் குதிரைகளை மட்டுமே திருடும் மிஷ்கா, கோடையில் அவள் அப்பாவின் மதுக்கடையில் அங்கியை விட்டுப்போனான். அவளுக்கு ஆசைதான். அவனைத் தேடி அலைந்த சிப்பாய்களுக்குப் பயந்து வெளியே மாட்டினாள். அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். அந்த வாரமே பிடிபட்டுத் தூக்கில் தொங்கினான். அங்கியோடுதான் புதைத்தார்கள்.

புதைத்த மறுநாளிலிருந்து விடியும்போதெல்லாம் அங்கி உள்ளே ஆணியில் தொங்குகிறது. அவளும் தினமும் வெளியே மாட்டுகிறாள்.

"இன்னும் உள்ளயே கெடக்குதேடி!" என்றார் அப்பா பாலிந்த்.

"மறந்துட்டேன்ப்பா."

"செத்தவனுக்கு வாக்கப்படப் போறியாக்கும்! சீர் யார் செய்வா, குழி வெட்டுறவனா?"

அவள் சிரிக்கவில்லை. "என்னைக் கேட்டு வந்தவன் அவன் ஒருத்தன்தானேப்பா. இன்னும் வந்துட்டிருக்கான்."

அப்பா கோப்பைகளைக் கழுவப் போனார்.

மாலையில் அங்கியை வெளியே கொண்டுபோக எடுத்தாள். உள்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. நேற்றைவிடக் கனத்தது. சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, அதே ஆணியில் திரும்ப மாட்டினாள். ஆணி வளைந்தது.

நாளை முதல் வேலையாக, பெரிய ஆணி ஒன்று அடிக்க வேண்டும்.