கேமரன்மலை டெய்சிகள்

கிள்ளான் வீட்டு வாசலில் மத்தியான வெயில் சிமெண்டில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. ஆறு தொட்டிகளிலும் டெய்சிகள் வெள்ளை இதழ் சுருண்டு தலை தொங்கி நிற்கின்றன. போன வாரம் தேவேந்திரன் கேமரன்மலையிலிருந்து காரில் குளிரக் குளிர ஏசி போட்டுக் கொண்டுவந்தவை. பூவுக்கு வெயில் வேண்டும் என்று கடைக்காரி சொன்னதற்காகவே, வாசலை மூடி நின்ற முந்திரி மரத்தை வெட்டினார். பூவென்றால் கண்ணுக்கு அழகு, மரமோ இலையைக் கொட்டிக் கால்வாயை அடைக்கிறது, கொட்டையையும் அணில்தான் தின்கிறது என்று அன்றைக்கு அவருக்குப் பட்டது. மலைக்குளிரில் அடிக்கும் வெயில் வேறு என்று இப்போதுதான் உறைக்கிறது. அடிமரத்தின் வெட்டுவாயில் பிசின் இன்னும் ஈரமாகப் பளபளக்கிறது. மிளகாய்ச் சம்பலோடு தின்ன முந்திரிக் கொழுந்து பறிக்கும் பழக்கத்தில் மனைவி லோகேஸ்வரி கையில் கிண்ணத்தோடு வெளியே வந்தவர், படியிலேயே நின்றுவிடுகிறார். "மறந்தே போச்சுங்க." கிண்ணத்தைக் கவிழ்த்துப் படியில் வைக்கிறார். "நெழலு இல்லாம இது எப்படிலா பொழைக்கும்?" தேவேந்திரன் கையில் தண்ணீர்க் குழாயோடு ஓரடி நகர்கிறார். அவருடைய குட்டை நிழல் ஒரு தொட்டியின் மேல் விழுகிறது. "அசையாதீங்க. அப்படியே நில்லுங்க." லோகேஸ்வரி குனிந்து இன்னொரு தொட்டியை அந்த நிழலுக்குள் தள்ளுகிறார். மூன்றாவதற்கு அதில் இடமில்லை.