அறுபது இடங்கள்

சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைக் கழற்றி உள்பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் ஆலைக் காவலாளி லஸ்ஹர் கையை ஓங்கினான். பெயரை மறைத்துக்கொண்டு அடிக்கிறவன் கொல்லத் துணிந்தவன். பாஸ்பேட் ஆலையில் முப்பது வருடம் காவல் காத்த பெல்காசமுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"லஸ்ஹர்! கலைக்கத்தான்டா சொன்னேன்!"

காவலர் தலைவரான அவருடைய குரல் கண்ணீர்ப்புகையிலும் கல்மழையிலும் கரைந்துபோனது.

தண்டவாள மறியலுக்கு அன்று மூன்றாம் நாள். சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்கு இருப்பது ஒற்றைப் பாதை. அதில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்தால் முதல் நாள் சரக்கு வண்டி நிற்கும். இரண்டாம் நாள் கிடங்கு நிரம்பும். மூன்றாம் நாள் ஆலையே நிற்கும். அதற்குப் பிறகுதான் மாகாண ஆளுநர் தொலைபேசியை எடுப்பார்.

அவர்கள் கேட்டது, ஆலை நடத்தும் வெல்டிங் பயிற்சி மையத்தில் இடம். ஒன்பது மாதம் படித்தால் வேலை நிச்சயம். இருப்பது அறுபது இடம், வந்திருப்பது நாலாயிரம் மனு.

காயத்தைப் பற்றி பெல்காசமுக்குக் கவலை இல்லை. அதற்கு வழக்கம் இருந்தது: மறியல் முடிந்ததும் ஆளுநர் சமாதானம் பேசுவார், எலும்பு முறிந்தவர்களுக்கு மையத்தில் இடம் தருவார். போன தடவை நாற்பது பேர் கன்றிய காயம்போல் ஊதா மையைப் பூசிக்கொண்டு வந்து நொண்டியதால், இப்போது எக்ஸ்ரே படம் கேட்கிறார்கள். அவ்வளவுதான்.

உயிர் போனால் கதையே வேறு. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே இடத்தில் ஒருவன் செத்தான். ஊர் எரிந்தது, ஆலை ஏழு மாதம் பூட்டிக் கிடந்தது. இன்னொரு பிணத்தை இந்த மாகாணம் தாங்காது.

ஜல்லிக்கற்கள் மேல் நீலச் சட்டை போட்ட மறியல்காரன் ஒருவன் கிடந்தான். மூக்கு உடைந்து ரத்தம் தாடியில் வழிந்தது. லஸ்ஹர் அவன் தோளில் முழங்காலை ஊன்றி, தண்டவாளத்தின் மேல் கிடந்த அவனுடைய இடது கையில் திரும்பத் திரும்ப அடித்தான்.

ஆலை கொடுக்கும் தடி ரப்பர். சதையைக் கன்றவைக்கும், அதற்கு மேல் போகாது. லஸ்ஹர் கையில் இருந்ததோ தண்டவாளத்து மறையை முடுக்கும் முழ நீள ஸ்பானர். ஒரு அடி குறி தவறி இரும்பில் பட்டு, மணிபோல் கணீரென்றது.

"அடிடா, நாயே!" கீழே கிடந்தவன் கத்தினான். "சோறு தின்னுதான் வளந்தியா? ஆலைக்காரன் எச்சில் தின்னி! ஆளுநருக்குச் செருப்புத் துடைக்கிறவன்! ஓங்கி அடிடா!"

அந்த நேரத்திலும் பெல்காசமுக்கு ஒரு வியப்பு. இந்த ஊரில் சண்டை என்றால் முதல் கல் விழுவதற்கு முன்பே எதிராளியின் அம்மாவைத் தெருவுக்கு இழுத்துவிடுவார்கள். இவன் ஆளுநர்வரை போனான். அம்மாவை மட்டும் தொடவில்லை.

மறுபடி ஸ்பானர் இறங்கியது. தோல் பிளந்து வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"விடுங்க சித்தப்பா," என்றான் பக்கத்தில் கேடயம் பிடித்திருந்த ஹெடி. "மூணு நாளா கல்லடி தின்னோம். ஒருத்தனாவது அனுபவிக்கட்டுமே."

"அவன் செத்தா உன் சம்பளமும் கூடவே சாகும்டா, மடையா!"

பெல்காசம் கல்மழைக்குள் ஓடினார். புருவத்தில் ஒரு கல் பட்டுக் கிழித்தது. பாதி உலகம் சிவப்பானது. பின்னாலிருந்து பாய்ந்து, லஸ்ஹரின் கழுத்தை முழங்கைக்குள் வைத்து நெரித்தார். அவன் காளைபோல் திமிறினான். ஹெடியும் வந்து இடுப்பைப் பிடித்த பிறகுதான் அவனைத் தரதரவென்று இழுக்க முடிந்தது. ஸ்பானர் கீழே விழுந்தது.

"பைத்தியமாடா உனக்கு? வேலைக்குச் சேந்து ரெண்டு மாசம் ஆகல, கொலை பண்ணப் பாக்கிறியே! இவனுக்கும் பெத்தவ ஒருத்தி இருக்க மாட்டாளா?"

லஸ்ஹர் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அந்தப் புகையில் எல்லார் கண்ணிலும்தான் கொட்டியது.

பெல்காசம் அடிபட்டவன் பக்கம் குனிந்தார். "ஓடுப்பா, போலீஸ் இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள ஓடிடு. நான் இவனைப் புடிச்சுக்கிறேன்."

அவன் ஓடவில்லை. வாயில் நிறைந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வலது கையால் மெல்லத் தடவிப் பார்த்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். ஐந்தும் மடங்கின.

அவன் முகம் சுண்டிப்போனது. கையை எடுத்து மறுபடி தண்டவாளத்தின் மேல் வைத்தான்.

"எங்கண்ணனை விடுங்க, பெரியவரே. எலும்பு இன்னும் உடையல."