ஒரு முழக் குழாய்

கைதிகளை மலைக்கு ஏற்றிப்போய் வெறுமையாகத் திரும்பும் பழைய ராணுவ லாரி அது. எஞ்சினின் எண்ணெய்ப் புகையை வெளியேற்றும் ரப்பர் குழாய் வெடித்து, புகையெல்லாம் ஓட்டுநர் உட்காரும் முன்னறைக்குள் வந்தது. சிப்பாய்கள் இருமினார்கள். கைதிகளில் மெக்கானிக்கான இன்பராசுவைக் கொட்டடியிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். முகாமில் அதே பருமனில் ஒரே ஒரு குழாய்தான் இருந்தது. தொட்டியிலிருந்து கொட்டடிக்குக் குடிதண்ணீர் போகும் குழாய்.

“வெட்டு” என்றார் அதிகாரி.

“ஐயா, உள்ள எல்லாரும் அதுலதான் குடிக்கிறாங்க. என் சம்சாரமும் இருக்கா.”

“அப்ப அவகிட்ட கேட்டுட்டு வெட்டு, மாப்ளே.”

சிப்பாய்கள் சிரித்தார்கள். துப்பாக்கி முதுகில் பட்டதும் இன்பராசு தொட்டியின் வால்வை மூடிவிட்டு ஒரு முழம் வெட்டினான். எஞ்சினுக்குள் ஈரம் போகக் கூடாது. தொழில் பழக்கத்தில் குழாயை வாயில் வைத்து ஊதினான். உள்ளே நின்றிருந்த தண்ணீர் மணலில் விழுந்து மறைந்தது. ஒருவர் தொண்டையை நனைக்க அது போதும். கம்பிக்கு அப்பால் அவன் மனைவி தவமணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாயை மாட்டி இறுக்கினான். எஞ்சின் ஓடியது. முன்னறையில் புகை இல்லை.

“தண்ணிக் குழாய்ங்கய்யா. எண்ணெய்ப் புகை பட்டா ஊறிப்போயி ஒரு மாசத்துல கிழிஞ்சிரும். அதுக்குள்ள வேற வாங்கிட்டா, இதை அவங்களுக்கே மாட்டிடலாம்.”

அதிகாரி நன்றாக மூச்சை இழுத்து விட்டார்.

“ஒரு மாசம் போதும். அப்புறம் ஏத்திட்டுப் போக இங்க ஆள் இருக்காது.”

கொட்டடிக்குள்ளிருந்து யாரோ மிச்சக் குழாயை இழுத்தார்கள். வெட்டுப்பட்ட முனை மணலில் நெளிந்தபடி மெதுவாக உள்ளே போனது.