பட்டியலில் முதல் பெயர்

"போன் வந்துதா?"

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ராஜஸ்ரீ கேட்டாள். இரண்டு மாதமாக வீட்டுக்குள் நுழையும்போது அவள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கணவன் சாம்பசிவன் தினமும் உதட்டைப் பிதுக்குவான். இன்று பல்வலிக்கு லீவு போட்டுவிட்டு, கன்னத்தில் கையோடு உட்கார்ந்திருந்தவன், எழுந்தே நின்றுவிட்டான்.

"வந்துது ராஜி. காலம்பற பத்து மணிக்கு. இன்ஸ்டிட்யூட்லேர்ந்துதான்."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உலோகத்துக்குள் விரிசல் எங்கே தொடங்கும், எந்தப் பக்கம் ஓடும் என்று கம்ப்யூட்டரிலேயே கணக்கிட்டுச் சொல்லும் ஆராய்ச்சி. இன்ஸ்டிட்யூட்டில் அதற்கான பிஎச்.டி.க்கு இருந்தது ஒரே ஓர் இடம். அதற்கு வேறொருவர் தேர்வாகிவிட்டார். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் ராஜஸ்ரீ. தேர்வானவர் அமெரிக்கா போகப் போவதாகக் கேள்வி. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திவிட்டுக் கிழக்கேகோட்டை பஸ்ஸில் திரும்பும்போது, அந்த இன்ஸ்டிட்யூட் கட்டடம் மறையும் வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வருவாள். அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். வாழ்க்கையில் வேறு எதற்கும் அவள் இப்படி ஏங்கியதில்லை.

"யார் பேசினா? என்ன சொன்னா?"

"ஆபீஸ் பொம்மனாட்டி. மலையாளத்துல மடமடன்னு கொட்டினா. உன்னைக் கேட்டா. வேலைக்குப் போயிருக்கான்னேன்."

திருவனந்தபுரம் அவள் பிறந்த ஊர் என்பதற்காகவே தஞ்சாவூரிலிருந்து மாற்றல் கேட்டு வாங்கி வந்தவன் சாம்பசிவன். வந்து மூன்று மாதம் ஆகிறது. மலையாளம் பாதி புரியும் என்று சொல்லிக்கொள்வான். எந்தப் பாதி என்பது அவனுக்கே தெரியாது.

"அப்புறம்?"

"இன்னிக்கே பதில் சொல்லணுமாம். அவசரம், அவசரம்னு ஒரே பறப்பு. நாம அலையறோம்னு காட்டிக்கப்படாதோல்லியோ? நான் மிடுக்கா ஒரே வார்த்தைல முடிச்சுட்டேன்."

"என்ன சொன்னேள்?"

"மலையாளத்துலயே சொன்னேன். 'அவசரம் வேண்டா'ன்னேன். நிச்சயமான்னு ரெண்டு தடவை கேட்டா. நிச்சயம்னேன். மரியாதையா சரின்னு வெச்சுட்டா."

பெருமையாகச் சிரித்தவன், பல் சுரீரென்றதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

ராஜஸ்ரீ சிரிக்கவில்லை. எழுந்து போய் இன்ஸ்டிட்யூட் நம்பரைச் சுழற்றினாள். மலையாளத்தில் விசாரித்தாள். கேட்டாள். பிறகு கெஞ்சினாள். கடைசியில் 'சரி சாரே' என்று மெதுவாகச் சொல்லி ரிசீவரை வைத்தாள்.

"என்னாச்சு ராஜி?"

"அந்த அமெரிக்காக்காரர் விலகிட்டாராம். மத்தியானமே பட்டியல்ல ரெண்டாவது ஆள் வந்து சேர்ந்தாச்சு. நம்மாத்துல வேண்டாம்னு சொல்லிட்டாளாம்."

"வேண்டாம்னா? நான் எங்கே அப்படிச் சொன்னேன்? நிதானமா சொல்றோம், அவசரம் வேண்டாம்னுதானே சொன்னேன்?"

அவனைக் கோபித்துக்கொள்ளக்கூட முடியாமல் அவள் கண் நிறைந்தது.

"உங்க தஞ்சாவூர்லதான் அவசரம்னா அவசரம். மலையாளத்துல அவசரம்னா வாய்ப்பு."