பெட்டி ரூம் தண்டனை

"யம்மா, உன் வாயை மூடு! பக்கத்துல நிக்க முடியல. எந்திரி, பெட்டி ரூம்ல போய் அட்டைப் பெட்டி மடி!"

சூப்பர்வைசரின் குரல் தையல் மெஷின்களின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. சும்மாவா அவளுக்கு 'இடி' என்று பெயர் வைத்தார்கள்?

பெரியக்கா எழுந்தாள். தைத்துக்கொண்டிருந்த வெள்ளைக் காலரை ஓரமாக வைத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் நடந்தாள். வயது ஐம்பதைத் தாண்டியவள். அந்த வரிசையிலேயே மூத்தவள்.

மணியடிக்காமல் அங்கே யாரும் இடத்தை விட்டு எழ முடியாது. இடி விரட்டினால் மட்டும்தான் உண்டு.

"காலையிலேருந்து இது மூணாவது தடவை!" பல்லைக் கடித்தாள் காலேஜ்.

பகலில் தையல், சாயங்காலம் பட்டப்படிப்பு. அதனால் அவள் 'காலேஜ்'. அநியாயம் கண்ணில் பட்டால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"உனக்கேன்டி ஊர் வம்பு?" என்றாள் பக்கத்து மெஷின்காரி.

"நாலு பேர் முன்னாடி நாறுதுன்னு சொல்றதா? அதுவும் ஒரு பொம்பளையே!"

"நாறத்தானே செய்யுது?"

"மாசவிலக்கு நிக்கிற வயசுடி. உடம்புல ஹார்மோன் குறையுது. பல பேருக்கு எச்சில் ஊறுறதும் குறைஞ்சுடும். வாயைக் கழுவுறதே எச்சில்தானே? அது வத்திப்போனா நாத்தம் வரும், பல் சொத்தையாகும். நாளைக்கு உனக்கும் வரலாம், எனக்கும் வரலாம்."

"எனக்கு வர்றப்போ பாத்துக்கலாம். நீ பாக்கெட்டைத் தை."

கொஞ்ச நேரத்தில் பெரியக்கா திரும்பி வந்தாள். நூல் முனையை உதட்டில் நனைத்தாள். ஒரே முயற்சியில் ஊசியில் கோத்தாள். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. எல்லாம் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் காலேஜ்.

சாப்பாட்டு மணி அடித்ததும் நேராக மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் போனாள். ஹார்மோனில் ஆரம்பித்து மனித உரிமையில் முடித்தாள்.

மேனேஜர் வெளியே வந்தார்.

"தைக்கிற ஆளை எதுக்கு அட்டை மடிக்க அனுப்புறே? காலரை உங்கப்பனா தைப்பான்?"

வாயைத் திறந்தால் மூடாத இடி, வாயே திறக்கவில்லை. பெரியக்காவை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

பெரியக்கா காலேஜின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்மா... விட்டுடும்மா..."

"பயப்படாதீங்கக்கா. நான் இருக்கேன்."

"நீ இஸ்திரி பக்கம் போ," என்றார் மேனேஜர் இடியிடம். "வேற ஆள் இங்க பாத்துக்கும். இந்தம்மா இனி மணியடிக்கிற வரைக்கும் இடத்தை விட்டு அசையக் கூடாது. போதுமாம்மா?"

"போதும் சார். ரொம்ப நன்றி சார்."

இடி தன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனாள். பின்னால் யாரோ விசிலடித்தார்கள். "பேசாம வக்கீலுக்குப் படிடி," என்றாள் பக்கத்து மெஷின்காரி. அன்றைக்குத்தான் காலேஜுக்குச் சோறு ருசித்தது.

மதியத்துக்கு மேல் பெரியக்காவின் மெஷினில் நூல் அறுந்தது.

முனையை உதட்டில் வைத்தாள். நனையவில்லை. நாக்கில் வைத்தாள். நூல் துடைப்பம் மாதிரி பிரிந்து நின்றது. ஊசிக்கும் உதட்டுக்குமாக அலைந்தாள். சுற்றிலும் பார்த்தாள். வெள்ளைத் துணி தைக்கிற இடம், தண்ணீர் பாட்டில் உள்ளே வரக் கூடாது. மணியடிக்க இன்னும் நேரம் கிடந்தது.

திரும்பவும் உதட்டை அழுத்தினாள். காய்ந்திருந்த உதடு வெடித்தது. ஒரு சொட்டு ரத்தம் காலரில் விழுந்தது.

"என்ன கறை இது?" புது சூப்பர்வைசர் காலரைத் தூக்கிப் பிடித்தாள். "இன்னொரு துணி இப்படி ஆச்சு, கணக்கை முடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிடு."

அவள் நகர்ந்ததும் காலேஜ் குனிந்தாள். "என்னக்கா ஆச்சு? இவ்வளவு நாள் நல்லாத்தானே தைச்சீங்க?"

பெரியக்கா, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட நாக்கைப் பிரித்தெடுத்தாள்.

"பெட்டி ரூம்ல... தண்ணிக் குழாய் இருக்கும்மா. 'நாறுதுன்னு சொல்லி விரட்டு, அப்பதான் மேனேஜர் நம்புவாரு'ன்னு... இடிக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."