கடலுக்கு அங்காலை டொக்டர்

பாரிஸ் ரூ லூயி-பிளாங் தெரு மரக்கறிக் கடைக்குள்ளை பின்னேர வெயில் முருங்கைக்காய்ப் பெட்டி வரைக்குந்தான் வருது. யாழ்ப்பாணத்திலை எட்டு வருசம் டொக்டராய் இருந்த நிரஞ்சலா கல்லாவிலை நிக்கிறா. தராசுக்குக் கீழை காலமை மருத்துவச் சபையிலையிருந்து வந்த கடிதம் கிடக்குது. அவவின்ரை டொக்டர் படிப்பு பாரிஸிலை செல்லாதாம், பிரெஞ்சுக் கயானாவிலை செல்லுமாம். அங்கை வேலைக்குப் போக ஓமெண்டால் நாளைக்குள்ளை கையெழுத்து வைச்சு அனுப்பவேணும். மகளோ வரமாட்டன் எண்டிட்டாள். "கயானாவும் பிரான்ஸ்தானே, தங்கச்சி?" எண்டு கேக்கிறார் கடைக்கார அம்புறோஸ். "ஓம் அண்ணை. பிளேனிலை ஒன்பது மணித்தியாலம்." "அப்ப கடலுக்கு அங்காலை டொக்டர், இங்காலை வெண்டிக்காயோ?" அவ சிரிக்கேல்லை. சாமான் வாங்க வந்த றெமிஜியஸ் ஐயா வாழைக்காயை வைச்சிட்டு, வழக்கம்போலை கையை நீட்டுறார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி அவ நாடி பிடிக்கிறா. ஒரு துடிப்புத் தவறுது, பிறகு ரெண்டு சேர்ந்து ஓடுது. "ஐயா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்." "நீ ஒரு மருந்து எழுதித் தாவன், பிள்ளை." விலை எழுதுற பேனை அவவின்ரை மற்றக் கையிலை இருக்குது. "இஞ்சை நான் எழுதேலாது ஐயா." அம்புறோஸ் அம்புலன்சுக்குப் போன் அடிக்கிறார். ஐயாவை வெங்காய மூட்டையிலை இருத்தி, பிடிச்ச நாடியை விடாமலே, நிரஞ்சலா கடிதத்தை இழுத்துக் கையெழுத்து வைக்கிறா.