யார் வந்தாலும் திறக்கக் கூடாது

“அஞ்சே அஞ்சு நிமிஷம் லேட்டு. அதுக்குப் போய் இப்படி மறிக்கிறீங்களே தம்பி!”

“அஞ்சு நிமிஷமோ அஞ்சு செகண்டோ, நாடகம் ஆரம்பிச்சாச்சு ஐயா. இனி யாரையும் உள்ள விட முடியாது” என்றார் காவலாளி, கதவின் குறுக்கே கையை நீட்டியபடி.

எதிரே நின்றவருக்கு அறுபது வயதிருக்கும். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. சட்டை வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது.

பழைய அச்சகம் ஒன்றை அரங்கமாக மாற்றியிருந்தார்கள். சனிக்கிழமைகளில் பெரிய தியேட்டர்கள் சீண்டாத படங்கள், மற்ற நாட்களில் நாடகம். அறுபது நாற்காலி, ஒரே கதவு. அந்தக் கதவுக்குத்தான் இன்று மாலை இவர் காவல்.

செக்யூரிட்டி ஏஜென்சியில் இவருக்கு ‘வெண்ணெய்’ என்று பட்டப்பெயர். யாராவது கண்ணைக் கசக்கினால் போதும், உருகிவிடுவார். போன மாதம் ஒரு குடியிருப்பில், “எங்க அண்ணன் வீடு சார்” என்று அழுதவனை நம்பி உள்ளே விட்டார். அவன் அண்ணன் வீட்டிலிருந்து இரண்டு லேப்டாப்போடு கம்பி நீட்டிவிட்டான். “இன்னொரு புகார் வந்துச்சு, யூனிபார்மைக் கழட்டிக் குடுத்துட்டு நடையைக் கட்டு” என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லியிருந்தார். காலையில் டிபன் பாக்ஸை நீட்டிய மனைவியும், “யாராவது அழுதா காதைப் பொத்திக்கங்க” என்றுதான் வழியனுப்பினாள்.

போதாக்குறைக்கு இந்த நாடகக்காரர்கள் வேறு ஒரு மாதிரியாம். ஒருநாள் வந்த காவலாளி மறுநாள் வேண்டாமாம், தினமும் புது ஆளைக் கேட்கிறார்களாம். யாரையும் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

இயக்குநரம்மா தன் கையாலேயே இவர் சட்டையில் பேட்ஜைக் குத்திவிட்டிருந்தார். கொஞ்சம் கனமான பேட்ஜ். “கால் மணி நேரம்தான் அண்ணே. யார் வந்தாலும் திறக்காதீங்க. கதவு திறந்துச்சுன்னா அதோட நாடகம் முடிஞ்சுது.”

“தம்பி, உள்ள என் பொண்ணு நடிக்கிறா” என்றார் வந்தவர்.

“எனக்கும்தான் வீட்டுல ஒருத்தி நடிக்கிறா, தலைவலின்னு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

உள்ளே குபீரென்று சிரிப்பலை எழுந்தது. வேடிக்கையான நாடகம்தான் போல. அவர் முகம் மட்டும் சுருங்கிப் போயிற்று.

“எட்டு வருஷமா அவகூட நான் பேசலை. மேடை ஏறினா என் வீட்டுப் படி ஏறாதேன்னு நான்தான் சொன்னேன்.”

“இப்ப மட்டும் என்ன வந்துச்சு?”

“நாளைக்குக் காலைல கண் ஆபரேஷன். பார்வை இருக்கறதும் போறதும் பாதிக்குப் பாதின்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள ஒரு தடவை அவளை மேடையில பாத்துடணும்.”

லேப்டாப் திருடனும் இப்படித்தான் பேசினான் என்று காவலாளி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

“முடிஞ்சதும் இந்தப் பக்கமாத்தானே வருவா? இங்கயே நின்னு பாருங்க.”

“என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்குவா. இருட்டுல ஒரு ஓரமா உக்காந்து, அவளுக்குத் தெரியாம பாத்துட்டுப் போயிடறேன் தம்பி.”

“முடியாதுங்க. என் பொழப்பு போயிடும்.”

“உங்களுக்குப் பொண்ணு இருக்கா?”

இவருக்கும் ஒருத்தி இருந்தாள். பேசிக்கொண்டுதான் இருந்தாள். அதுவரை அது ஒரு பெரிய விஷயமாக இவருக்குத் தோன்றியதில்லை.

உள்ளே ஒரு இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. ஏழு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டால் வேலை தப்பும்.

வந்தவர் அதற்கு மேல் கெஞ்சவில்லை. கதவில் ஒரு நிமிடம் உள்ளங்கையை வைத்திருந்தார். பிறகு திரும்பி, கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி இறங்கத் தொடங்கினார். மூன்றாவது படியில் கால் தடுமாறியது. சுதாரித்துக்கொண்டு அடுத்த படியைக் காலால் தேடினார்.

சூப்பர்வைசர் முகம், மனைவியின் முகம், டிபன் பாக்ஸ் எல்லாம் காவலாளியின் கண்முன் வந்து போயின.

“ஏங்க... இருங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“மேல வாங்க. செருப்பைக் கையில எடுத்துக்கங்க, சத்தம் வரக் கூடாது. கடைசி வரிசையில போய் உக்காந்துடுங்க. யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்.”

“உங்க வேலை?”

“யூனிபார்ம்தானே, போனா போகட்டும். எனக்கு எப்பவுமே இது இடுப்புல நிக்கலை.”

வியர்த்த கையால் கைப்பிடியைத் திருகி, கதவை மெல்ல, ஓசைப்படாமல் தள்ளினார்.

உள்ளே இருட்டு இல்லை, மேடையும் இல்லை. அறுபது நாற்காலிகளும் கதவைப் பார்த்தே போடப்பட்டிருந்தன. அறுபது பேரும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். சுவரில் மாட்டியிருந்த ஒலிபெருக்கியில் யாரோ மூச்சிரைப்பது கேட்டது. அது தன்னுடைய மூச்சுதான் என்று புரிய இவருக்குச் சற்று நேரம் பிடித்தது. கை தானாகப் பேட்ஜைத் தொட்டது. ஒலிபெருக்கி கரகரத்தது.

பின்னாலிருந்து செருப்பும் கையுமாக உள்ளே வந்த பெரியவர், தடுமாற்றமே இல்லாத கணீர்க் குரலில் கேட்டார்: “இயக்குநரம்மா, இப்ப நான் என்ன வசனம் பேசணும்?”

மூலையில் காகிதக் கட்டோடு நின்ற இயக்குநரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தெரியலை சார். ஆறு நாளா வந்த ஆறு பேருமே திறக்கலை... கதவு திறந்தா அப்புறம் என்னன்னு நான் எழுதவே இல்லை.”